1905-இல் மேலடுக்கு டரட்டோடு ஒரு டிரெட்னாட்: என் வரைவு தேறுமா?

நீர்க்கோடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக ஒரு கற்பனைப் போர்க்கப்பலை வரைந்து அழித்து, வரைந்து அழித்துக்கொண்டிருக்கிறேன். ஸ்பிரிங்ஷார்ப் என்ற கப்பல் வடிவமைப்பு மென்பொருளில் எண்களைப் போட்டால் உடல் வலிமை, நிலைத்தன்மை எல்லாம் தேறுகின்றன. ஆனால் அந்த மென்பொருள் சொல்வதை மட்டும் நம்பி உட்கார மனசு வரவில்லை. அதனால்தான் இங்கே வைக்கிறேன், தாராளமாகக் கிழியுங்கள்.

பின்னணி உங்களுக்குத் தெரிந்ததுதான். 1905 ஜனவரியில் பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர் ஃபிஷர் தன் வடிவமைப்புக் கமிட்டியைக் கூட்டுகிறார். அக்டோபரில் போர்ட்ஸ்மத்தில் டிரெட்னாட் என்ற போர்க்கப்பலின் அடித்தளம் போடுகிறார்கள். 12 அங்குலப் பீரங்கி பத்து, இரட்டை டரட் (இரண்டு பீரங்கி கொண்ட சுழலும் கவசக் கூடு) ஐந்து. முன்னால் ஒன்று, பின்னால் நடுக்கோட்டில் இரண்டு, விலாவில் பக்கத்துக்கு ஒன்று. ஒரு பக்கமாகச் சுடும்போது எட்டுப் பீரங்கிதான் வேலை செய்யும், எதிர்ப்பக்க விலா டரட் சும்மா கிடக்கும். ஐந்து டரட்டின் எடையைச் சுமந்துகொண்டு நான்கின் பலனை அனுபவிக்கிற இந்த ஏற்பாடு என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

என் கப்பலில் நான்கே டரட், எல்லாம் நடுக்கோட்டில். முன்னால் ஏ, அதன் தலைக்கு மேலாகச் சுடும்படி பி, இதுதான் மேலடுக்கு. பின்னால் எக்ஸ், அதற்குக் கீழே ஒய். பக்கவாட்டில் அதே எட்டுப் பீரங்கி. நீளம் 500 அடி, அகலம் 82, அமிழ்வு 26, பிளாக் கோ-எஃபிஷியன்ட் (அந்த அளவுள்ள பெட்டியில் உடல் நிரப்பும் பங்கு) 0.575, எடை 17,500 டன். பார்சன்ஸ் டர்பைன், 23,000 குதிரைத்திறன், 21 நாட் வேகம். கவசப் பட்டை 11 அங்குலம், மேல்விளிம்பு நீர்மட்டத்துக்கு மேல் 2 அடி. நிலக்கரி சாதாரண நிலையில் 900 டன், முழுக்க நிரப்பினால் 2,900. இந்தக் கவச, நிலக்கரி எண்களை அசல் டிரெட்னாட்டிலிருந்து அப்படியே எடுத்தேன்.

இதைக் கட்ட முடியாது என்று சொல்லவும் வழியில்லை. சவுத் கரோலினா என்ற போர்க்கப்பலுக்கு அமெரிக்கக் காங்கிரஸ் 1905 மார்ச்சிலேயே அனுமதி கொடுத்துவிட்டது. 16,000 டன்னில் எட்டுப் பீரங்கி, நான்கு டரட், மேலடுக்கு ஏற்பாடு. அப்படியிருக்க, உலகத்துக்கே கப்பல் கட்டிக் கொடுத்த பிரிட்டன் ஏன் செய்யவில்லை? எடை தடுத்ததா, நிலைத்தன்மை தடுத்ததா, இல்லை வெறும் பிடிவாதமா?

---

கரிப்புகை எழுதியது:

டரட்டை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் படத்தில் முன் மாஸ்ட் (உயரமான கம்பம்) எங்கே நிற்கிறது என்று பார்த்தேன். முதல் புகைபோக்கிக்குப் பின்னால். அசலைப் பார்த்து வரைந்தது நன்றாகத் தெரிகிறது.

அந்த மாஸ்டின் உச்சியில்தான் தூரம் அளக்கும் ஆட்கள், பார் அண்ட் ஸ்ட்ரௌடின் 9 அடித் தூரமானியோடு உட்கார்ந்திருப்பார்கள். கப்பல் முன்னே போகப்போக முதல் புகைபோக்கியின் புகையும் சூடும் நேராக அவர்கள் மேல்தான் வரும். எட்டுப் பீரங்கி ஒரே நேரத்தில் சுட்டு, எங்கே நீர் எழும்புகிறது என்று பார்த்துத் திருத்துவதுதான் இந்த வகைக் கப்பலின் ஆதாரமே. பார்க்கிறவனின் கண்ணில் கரியைக் கொட்டினால் பீரங்கி பத்து இருந்தென்ன, இருபது இருந்தென்ன?

டிரெட்னாட்டுக்கு அடுத்து வந்த பெல்லரோஃபான் வகுப்புக் கப்பல்களில் இதைச் சரிசெய்தார்கள். அப்புறம் கொலோசஸ், ஓரியன் வகுப்புகளில் மறுபடி அதே இடத்தில் நட்டார்கள். 1912-இல் லயன் என்ற கப்பல் ஓட்டப் பரீட்சைக்குப் போனபோது மேலே ஆள் இருக்க முடியாத அளவுக்குச் சூடு. கட்டி முடித்த கப்பலில் மாஸ்டையும் புகைபோக்கியையும் இடம் மாற்றினார்கள். பிரிட்டிஷ் கடற்படைமேல் எனக்குக் கொள்ளைப் பிரியம் உண்டு, ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர்களை மன்னிக்க மாட்டேன்.

மாஸ்டை முன்னால் தள்ளுங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

---

பழைய டிராயிங் ஆபீஸ் எழுதியது:

தம்பி, படம் சுத்தமாக இருக்கிறது. நான் கப்பல் பழுதுபார்க்கும் தொழிலில் எடைத்தாள் போட்டே காலம் தள்ளியவன். யார் எந்தக் கப்பலைக் காட்டினாலும் முதலில் எடைதான் கண்ணில் படும். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பி, எக்ஸ் இரண்டும் கீழ் டரட்டின் கூரையைத் தாண்டிச் சுட வேண்டும் என்றால் 9 அடி தூக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டரட் உயர்ந்தால் அது உட்கார்ந்திருக்கிற பார்பெட் என்ற கவச உருளையும் 9 அடி வளர வேண்டும். வெளி விட்டம் 27 அடி என்றால் சுற்றளவு சுமார் 85 அடி. அதை 9-ஆல் பெருக்கினால் 765 சதுர அடி. ஓர் அங்குலக் கனமுள்ள தகடு சதுர அடிக்கு 40 பவுண்டு, இது பிரிட்டிஷ் கப்பல்துறைகளின் பழைய வாய்ப்பாடு. 11 அங்குலத்துக்கு 440 பவுண்டு. பெருக்கி, டன்னுக்கு 2,240 பவுண்டு என்று வகுத்தால் 150 டன் வருகிறது. இரண்டு பார்பெட்டுக்கு 300 டன்.

அடுத்து நிலைத்தன்மை. டரட்டின் சுழலும் பகுதி 450 டன் என்று வையுங்கள். இரண்டை 9 அடி தூக்கினால் 8,100 அடி-டன். 17,500-ஆல் வகுத்தால் கப்பலின் ஈர்ப்பு மையம் ஐந்தரை அங்குலம் மேலே ஏறுகிறது. அந்த 300 டன் பார்பெட் தகடு மையத்துக்கு 20 அடி மேலே உட்கார்ந்தால் இன்னொரு 4 அங்குலம். மொத்தம் முக்கால் அடிக்குக் கொஞ்சம் அதிகம். கப்பல் சாய்ந்தால் நிமிரும் தன்மையைக் காட்டும் மெட்டாசென்ட்ரிக் உயரம் டிரெட்னாட்டில் 5 அடிக்கு மேல். அகலம் உங்களுக்கும் கிட்டத்தட்ட அதேதான். ஆகவே நாலடிக்கு மேல் மிச்சம் நிற்கும். கப்பல் கவிழாது. ஐந்தாவது டரட்டையும் அதன் பார்பெட்டையும் வெடிமருந்து அறையையும் நீங்கள் விட்டுவிட்டதால், அந்த 300 டன்னைத் தாங்கவும் இடம் இருக்கிறது.

ஆகவே எடையும் தடுக்கவில்லை, நிலைத்தன்மையும் தடுக்கவில்லை. மேலடுக்கு யோசனை அந்தக் கமிட்டியின் மேசைக்கே வந்தது. தெரிந்துதான் தள்ளிவிட்டார்கள். காரணம் டரட்டின் கூரையில் இருக்கிறது.

அன்றைய பிரிட்டிஷ் டரட்டின் கூரையில், முன்பக்க விளிம்பை ஒட்டி, சிறிய எஃகுக் கூண்டுகள் இருக்கும். குறிபார்ப்பவன் உள்ளே நின்று அதில் தலையை நீட்டி, தொலைநோக்கி வழியாக இலக்கைப் பார்ப்பான். கூண்டின் முன்பக்கம் திறப்பு. இப்போது பி டரட் நேர் முன்னே சுடுகிறது என்று வையுங்கள். அதன் பீரங்கி வாய் ஏ டரட்டின் கூரைக்கு மேலே, சில அடி உயரத்தில் நிற்கிறது. 850 பவுண்டுக் குண்டு கிளம்பும்போது வாயிலிருந்து பீறிடும் அழுத்தம் அந்தத் திறப்பு வழியாக உள்ளே இறங்கும். உள்ளே இருக்கிறவனுக்குக் காதருகே அதிர்வேட்டு வைத்த கதைதான். காது போவது ஒருபுறம் இருக்கட்டும், அடுத்த குறியை அவன் எப்படிப் பார்ப்பான்?

‘அப்படியானால் மையக் கட்டுப்பாட்டிலிருந்து குறிபார்க்கலாமே’ என்று கேட்பீர்கள். அது 1905-இல் இல்லை. தூரத்தை மாஸ்டிலிருந்து சொல்வார்கள், ஆனால் குறிபார்த்து விசையை அழுத்துவது அந்தந்த டரட்டின் ஆள். அட்மிரல் பெர்சி ஸ்காட் வற்புறுத்திக் கொண்டுவந்த, எல்லா டரட்டையும் ஒரே இடத்திலிருந்து குறிபார்த்துச் சுடும் டைரக்டர் முறை 1912 நவம்பரில்தான் தண்டரர் கப்பலில் ஓரியனுக்கு எதிராகச் சோதிக்கப்பட்டு, பல மடங்கு அதிகம் அடித்து, எல்லோர் வாயையும் அடைத்தது. அதற்கு முன் கூண்டு இல்லாத டரட் குருட்டு டரட்.

கூண்டு இருக்கும்வரை மேலடுக்கின் பயன் எவ்வளவு என்பதற்குப் பின்னால் வந்த கப்பல்களே சாட்சி. 1909-இல் நீரில் இறங்கிய நெப்டியூன்தான் பிரிட்டனின் முதல் மேலடுக்குக் கப்பல், பின்பக்கம் மட்டும். அதிலும் மேல் டரட் நேர் பின்னால் சுட முடியாது. அச்சிலிருந்து இருபக்கமும் 30 டிகிரி தடை. முன்னும் பின்னும் மேலடுக்கு வைத்த ஓரியனிலும் இதே கதை. ஹூட் என்ற கப்பல் வரும்போதுதான் கூரைக் கூண்டு ஒழிந்தது.

இதை வைத்துக்கொண்டு உங்கள் கப்பலை ஃபிஷர் கண்ணால் பாருங்கள். நேர் முன்னே சுடுவது அவருக்குப் பெரிய விஷயம். எதிரியைத் துரத்திக்கொண்டே சுட வேண்டும் என்பார். டிரெட்னாட் காகிதத்தில் முன்னால் ஆறு பீரங்கி காட்டியது. உங்களுடையது நான்கு என்று நீங்கள் நினைக்கிறீர்கள். 30 டிகிரித் தடையில் பி வாயை மூடிக்கொண்டால் மிஞ்சுவது இரண்டே பீரங்கி. பழைய கிங் எட்வர்டு வகுப்பும் முன்னால் 12 அங்குலத்தில் இரண்டுதான் காட்டியது. இதற்கா புதுக் கப்பல் என்று கேட்டுப் படத்தைத் திருப்பிக் கொடுத்திருப்பார்.

இன்னொன்று, நிலக்கரி. உங்கள் நீர்மட்டப் பரப்பு ஏறக்குறைய 30,750 சதுர அடி வரும், நீள-அகலப் பெருக்கத்தில் 0.75 பங்கு என்று எடுத்தால். ஓர் அங்குலம் அமிழ 73 டன். 900-இலிருந்து 2,900-க்கு நிரப்பினால் கப்பல் 27 அங்குலம் இறங்கும். உங்கள் 11 அங்குலப் பட்டை நீருக்கு மேலே 24 அங்குலம்தானே? துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போதே அது தண்ணீருக்குள் போய்விட்டது. டிரெட்னாட்டுக்கும் இதே வியாதி உண்டு. முழுச் சுமையில் தடித்த பட்டை ஓர் அடிக்கு மேல் முழுகி, நீர்மட்டத்தில் 8 அங்குலப் பட்டைதான் காவல். அசலிலிருந்து அப்படியே எடுத்தேன் என்றீர்களே, நோயையும் சேர்த்து எடுத்துவிட்டீர்கள்.

---

நீர்க்கோடு எழுதியது:

சார், எடைத்தாளைப் பார்த்து அசந்துவிட்டேன். கூண்டைப் பற்றி ஸ்பிரிங்ஷார்ப் ஒரு வார்த்தை பேசாது. அதற்குப் பீரங்கியின் எண்ணிக்கையும் உயரமும்தான் தெரியும்.

அப்படியானால் கற்பனையை அங்கிருந்தே தொடங்குகிறேன். கூரைக் கூண்டை எடுத்துவிட்டு, குறிபார்க்கும் துளையை டரட்டின் பக்கச் சுவரில் வைக்கிறேன். 1904-இல் ஒரு பழைய கப்பலில் மேலே பீரங்கி, கீழே டரட் வைத்துச் சோதனை நடக்கிறது. அமெரிக்கர் ஃப்ளோரிடா என்ற மானிட்டரில் (தாழ்ந்த உடல் கொண்ட பீரங்கிக் கப்பல்) பின்னால் செய்தார்களே, அதுபோல. கீழே இருக்கிற ஆட்கள் தாங்குகிறார்கள் என்று தெரிகிறது. கமிட்டி கூடும்போது அந்த அறிக்கை மேசையில் இருக்கிறது. இது நியாயமான கற்பனையா?

மாஸ்ட் முதல் புகைபோக்கிக்கு முன்னால் வந்துவிட்டது, கரிப்புகை. பட்டையின் மேல்விளிம்பை 4 அடிக்கு உயர்த்தினேன். அதற்காக 17,500 டன் 18,000-ஐத் தொடுகிறது. பரவாயில்லை, டிரெட்னாட்டே 18,120 டன்தான்.

---

சும்மா பார்ப்பவன் எழுதியது:

நடுவில் ஒரு சந்தேகம். ஏன் எல்லோரும் 82 அடி அகலத்திலேயே நிற்கிறீர்கள்? அகலத்தைக் கூட்டினால் நிலைத்தன்மைக் கவலையே இல்லை, பக்கவாட்டில் டார்பிடோவுக்கும் இடம் கிடைக்கும். அதே காலத்து ஜெர்மன் நாசாவ் 88 அடி இருந்ததே?

---

பழைய டிராயிங் ஆபீஸ் எழுதியது:

அகலத்துக்குக் காரணம் டிரை டாக், அதாவது தண்ணீரை வடித்துவிடும் கப்பல் தொட்டி. கப்பல் அடிப்பாகம் சுரண்டவும் பழுது பார்க்கவும் டாக்கில் ஏற வேண்டும். பிரிட்டனின் டாக்குகள் பெரும்பாலும் முந்தைய தலைமுறைக் கப்பல்களுக்காகக் கட்டியவை. வாயில் அகலத்தைக் கூட்ட வேண்டும் என்றால் கருங்கல்லை இடித்துக் கட்ட வேண்டும், அதற்குப் பாராளுமன்றம் பணம் தர வேண்டும். பீரங்கிக்குப் பணம் கேட்டால் பத்திரிகைகள் கை தட்டும். டாக்குக்குக் கேட்டால் யார் தட்டுவார்கள்? டிரெட்னாட்டுக்கு முந்தைய லார்டு நெல்சன் வகுப்பும் டாக் அளவுக்குள் அடக்கப்பட்ட கப்பல்தான். பின்னால் வந்த குவீன் எலிசபெத் வகுப்புக் கப்பல்களிலும் 90 அடியைச் சுற்றியே நின்றார்கள்.

நாசாவின் 88 அடியைப் பார்த்து ரொம்ப ஏங்கவும் வேண்டாம். அது டர்பைன் இல்லாத கப்பல். நடுவில் பிஸ்டன் எஞ்சின்கள் இடத்தை அடைத்துக்கொண்டதால் ஆறு டரட்டில் நான்கை விலாவுக்குத் தள்ளினார்கள். பன்னிரண்டு பீரங்கி சுமந்து பக்கத்துக்கு எட்டு. டிரெட்னாட்டைவிட மோசமான பேரம்.

நீர்க்கோடு, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நியாயமான கற்பனைதான். டரட்டை இடம் மாற்றுகிற ஆயிரம் படங்களை இணையத்தில் பார்க்கலாம். கூண்டை இடம் மாற்றி, அதற்கு ஒரு சோதனையையும் தேதியையும் கொடுத்தால், மற்றதெல்லாம் தானாக நடக்கும். ஃபிஷருக்கும் முன்னால் உண்மையான நான்கு பீரங்கி கிடைக்கும். அவர் முழுக்கத் திருப்தி அடைய மாட்டார், ஆனால் கேட்டுக்கொள்வார். டிரெட்னாட்டின் ஆறுகூடக் காகிதக் கணக்குதான். விலா டரட் நேர் முன்னே சுட்டால் மேல்கட்டுமானம் அடி வாங்கும்.

ஆனால் இன்னொரு முடிச்சு இருக்கிறது, அதைக் கதையில் சேர்த்தால் சுவை கூடும். டிரெட்னாட் ஓராண்டில் கடலுக்குப் போனதன் ரகசியம் என்ன? கப்பலில் அதிக நாள் பிடிப்பது உடல் இல்லை, பீரங்கித் தளவாடம். லார்டு நெல்சனுக்கும் அகமெம்னனுக்கும் செய்துகொண்டிருந்த 12 அங்குலப் பீரங்கிகளையும் தளவாடங்களையும் இதற்குத் திருப்பிவிட்டார்கள். அந்த இரண்டு கப்பலுக்கும் கப்பலுக்கு இரண்டு இரட்டை டரட், ஆக நான்கு. டிரெட்னாட்டுக்கு ஐந்து வேண்டும். உங்களுக்கு வேண்டியது சரியாக நான்கு! இதைக் கவனித்தீர்களா?

கவனித்திருந்தால் அடுத்ததையும் கவனியுங்கள். அந்த நான்கும் ஒரே உயரத்துக்குச் செய்தவை. ஏ, ஒய் இரண்டுக்கும் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். பி, எக்ஸ் இரண்டுக்கும் குண்டு ஏற்றும் குழாய் 9 அடி நீள வேண்டும், லிஃப்டின் கம்பியும் வழித்தடமும் நீள வேண்டும், குறிபார்க்கும் அமைப்பு நான்கிலும் மாற வேண்டும். ஆர்ம்ஸ்ட்ராங், விக்கர்ஸ் பட்டறைகளில் பாதி வேலையை அவிழ்த்துத் திரும்பப் பூட்ட வேண்டியிருக்கும். ஓராண்டுக் கப்பல் என்ற பெருமை உங்களுக்குக் கிடைக்காது. 1907 கோடையில் முடிந்தால் அதிர்ஷ்டம் என்று எழுதுங்கள்.

அப்படி எழுதினால் கதை இன்னொரு பக்கம் திறக்கும். ஃபிஷருக்கு வேகம்தான் ஆயுதம், மற்ற நாடுகள் விழிப்பதற்குள் கப்பல் கடலில் நிற்க வேண்டும். உங்கள் கமிட்டியில் இந்தச் சண்டை நடக்கட்டும்: இப்போதே கிடைக்கிற சுமாரான ஏற்பாடா, எட்டு மாதம் கழித்து வருகிற நல்ல ஏற்பாடா? என்னைக் கேட்டால் முதல் கப்பலை அசல்படி கட்டவிட்டு, உங்கள் வரைவை அடுத்த ஆண்டுத் திட்டத்தில், பெல்லரோஃபான் இடத்தில் வைப்பேன். அப்போது மூன்று கப்பல்கள் கிடைக்கும், தளவாடமும் புதிதாகச் செய்யலாம்.

---

நீர்க்கோடு எழுதியது:

பெல்லரோஃபான் இடம்! நான்கு டரட் கணக்கை நான் கவனிக்கவே இல்லை சார், இருந்தாலும் உங்கள் யோசனைதான் சரியாக வருகிறது. தேதியை 1906 டிசம்பருக்கு மாற்றிவிட்டேன். வெடிமருந்து அறைகள் முன்னும் பின்னும் ஒதுங்கிவிட்டதால் பாய்லர் அறைகளும் எஞ்சின் அறைகளும் நடுவில் ஒரே தொடராக நிற்கின்றன. சூடான அறைகளுக்கு நடுவே கார்டைட் வெடிமருந்து வைக்க வேண்டிய தொல்லை இல்லை.

---

கரிப்புகை எழுதியது:

குவீன் எலிசபெத்தில் நடு டரட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தைப் பாய்லருக்குக் கொடுத்தார்கள். நீங்கள் ஆறு வருஷம் முன்கூட்டியே அங்கே போய்விட்டீர்கள்.

மாஸ்டை முன்னால் தள்ளச் சொன்னவன் நான்தான், அதனால் அடுத்த கேள்வியும் நானே கேட்க வேண்டும். அசல் கப்பலில் மாஸ்ட் ஏன் புகைபோக்கிக்குப் பின்னால் போனது? படகுகளைத் தூக்கி இறக்கும் டெரிக்கை அதில் மாட்டத்தான். உங்கள் முன் மாஸ்ட் இப்போது பி டரட்டுக்குப் பின்னால் பாலத்தோடு ஒட்டி நிற்கிறது. படகுகள் எங்கே? எதைக் கொண்டு இறக்குவீர்கள்?

---

நீர்க்கோடு எழுதியது:

இரண்டு புகைபோக்கிக்கும் நடுவில் படகுகள். இரண்டாவது புகைபோக்கிக்குப் பின்னால் ஒரு குட்டை மாஸ்ட், அதில் டெரிக். தூரமானி எதுவும் அதில் இல்லை, எவ்வளவு கரி வேண்டுமானாலும் படியட்டும்.

---

பழைய டிராயிங் ஆபீஸ் எழுதியது:

சரி. அந்தக் குட்டை மாஸ்டுக்கும் எக்ஸ் டரட்டுக்கும் நடுவில் எத்தனை அடி விட்டிருக்கிறீர்கள்? எக்ஸ் முன்பக்கமாகத் திரும்பிச் சுடும்போது பீரங்கி வாய் படகுப் பக்கம் வரும். நெப்டியூனில் படகுகளை டரட்டுக்கு மேலே பாலம் கட்டி வைத்து, சண்டையில் அது டரட் மேலேயே விழுமோ என்று பயந்தார்கள். எக்ஸ் திரும்பும் கோணத்தைப் படத்தில் கோடு போட்டுக் காட்டுங்கள். மரப் படகு எத்தனை மிஞ்சும் என்று எண்ணிவிடலாம்.